அழும்போது ஊற்றாதே

எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் சங்கில் பால் புகட்டியது பாட்டிதான். மடியில் கிடத்தி, தலையை முழங்கை மடிப்பில் தாங்கி, சங்கின் நுனியைக் கடைவாயில் வைத்துச் சொட்டுச் சொட்டாக விடுவாள். பக்கத்தில் நின்று பழகும் இளந்தாய்களுக்கு அவள் சொல்லும் எச்சரிக்கை ஒன்றுதான்: "புள்ள அழும்போது ஊத்தாதடி, புரையேறிடும்." பல ஆண்டுகள் கழித்துப் பக்கவாதத்தில் விழுந்த அதே பாட்டிக்கு மூக்கு வழியாக ரைல்ஸ் ட்யூப் போட்டார்கள். நர்ஸ் குழாயின் முனையில் ஜெல் தடவி, "தலையைக் கொஞ்சம் முன்னால சாயுங்க பாட்டி, இப்ப விழுங்குங்க, இன்னொரு தடவை விழுங்குங்க" என்று கெஞ்சினார். ஒவ்வொரு விழுங்கலுக்கும் விரற்கடை அளவு குழாய் உள்ளே போனது. பாட்டி இருமியதும் கையை நிறுத்திவிட்டார். மூச்சு சீரான பிறகே தொடர்ந்தார்.

பாட்டியின் எச்சரிக்கைக்கும் நர்ஸின் கெஞ்சலுக்கும் காரணம் ஒன்றே. நம் தொண்டையில் காற்றும் சோறும் ஒரே வழியாக வந்து, கீழே இரண்டாகப் பிரிகின்றன. முன்பக்கம் மூச்சுக்குழல், பின்பக்கம் உணவுக்குழல். தொண்டையின் நடுவே துருத்தி நிற்கும் குருத்தெலும்பின் மேல் விரலை வைத்துக்கொண்டு ஒரு மிடறு எச்சில் விழுங்கிப் பாருங்கள். அது மேலே ஏறி இறங்குவது தெரியும். அந்த ஒரு நொடியில் குரல்வளை நாக்கின் அடியில் போய் ஒதுங்குகிறது, அதன் மூடி சாய்கிறது, குரல்நாண்கள் இறுக ஒட்டிக்கொள்கின்றன, மூச்சு நிற்கிறது, பின்னால் உணவுக்குழலின் வாய் திறக்கிறது. அழும்போதும் அலறும்போதும் நடப்பது இதற்கு நேர்மாறு. அலறலுக்கும் அலறலுக்கும் இடையே மூச்சை இழுக்கையில் மூச்சுக்குழலின் வாசல் அகலத் திறந்து கிடக்கிறது. அந்த நேரத்தில் ஊற்றினால் பால் போகக்கூடாத இடத்துக்குப் போகும்.

ஒருவருக்காக இன்னொருவர் விழுங்க முடியாது. 1909 முதல் 1914 வரை பிரிட்டிஷ் சிறைகளில் வாக்குரிமை கேட்ட பெண்களுக்கு அரசு செய்ததைப் புரிந்துகொள்ள இந்த உடற்கூறு போதும்.

முதலில் உண்ண மறுத்தவர் மேரியன் வாலஸ் டன்லப் என்ற ஓவியர். குடிமக்களுக்கு மன்னரிடம் விண்ணப்பம் கொடுக்க உரிமை உண்டு என்று சொல்லும் 1689-ம் ஆண்டு உரிமைச் சட்டத்தின் வரிகளை, நாடாளுமன்றக் கட்டடத்துச் சுவரில் முத்திரையாகக் குத்தியதுதான் அவர் செய்த குற்றம். ஒரு மாதச் சிறை. லண்டன் ஹாலோவே சிறையில் அவர் கேட்டது விடுதலையை அல்ல, முதல் வகுப்பை. அன்றைய விதிகளின்படி முதல் வகுப்புக் கைதிகள் சொந்த உடை உடுத்தலாம், புத்தகம் படிக்கலாம், எழுதலாம். அரசியல் குற்றத்துக்காகச் சிறைப்பட்ட ஆண்கள் அந்த வகுப்பைப் பெற்றிருந்தார்கள். பெண்களுக்குக் கிடைத்ததோ திருடர்களுக்கான வகுப்பு. 1909 ஜூலையில் டன்லப் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார். விதவிதமான பண்டங்களை அறைக்குள் வைத்துப் பார்த்தார்கள், அவர் தொடவில்லை. 91 மணி நேரம் கழிந்ததும் பயந்துபோய் விடுதலை செய்துவிட்டார்கள்.

அந்த 91 மணி நேரத்தில் உடலுக்குள் என்ன நடக்கும்? கல்லீரலில் சேமித்திருக்கும் சர்க்கரை ஏறக்குறைய ஒரு நாளுக்குள் தீர்ந்துவிடும். மூளைக்கோ ஒரு நாளைக்கு நூறு கிராமுக்கு மேல் குளுக்கோஸ் வேண்டும். அதனால் உடல் தன் தசைப் புரதத்தைக் கரைத்துச் சர்க்கரையாக மாற்றத் தொடங்குகிறது. இரண்டு மூன்று நாட்களில் கொழுப்பு உருகி கீட்டோன் என்ற மாற்று எரிபொருளாகக் கல்லீரலிலிருந்து கிளம்புகிறது. மூச்சில் பழம் அழுகிய வாடை வரும். தலை சுற்றும். பசியின் கூர்மை மெல்ல மழுங்கும். வாரங்கள் செல்லச் செல்ல மூளை தன் தேவையில் பெரும்பகுதியைக் கீட்டோனிலிருந்து பெறக் கற்றுக்கொண்டு தசையைக் காப்பாற்றுகிறது. தண்ணீர் மட்டும் குடித்தால் ஆரோக்கியமான ஒருவர் வாரக்கணக்கில் உயிரோடிருக்க முடியும். அயர்லாந்தின் டெரன்ஸ் மெக்ஸ்வினி 1920-ல் பிரிக்ஸ்டன் சிறையில் 74-வது நாளில்தான் இறந்தார்.

இதெல்லாம் பிற்கால அறிவு, 1909-ல் மருத்துவர்களுக்குத் தெரிந்திருக்காது என்று சொல்ல இடமில்லை. 1880-ல் நியூயார்க்கில் ஹென்றி டேனர் என்ற மருத்துவர் மக்கள் முன்னிலையில் 40 நாள் பட்டினி கிடந்து காட்டியிருந்தார். 1888-ல் புளோரன்ஸ் நகரில் ஜொவானி சுச்சி 30 நாள் பட்டினி கிடந்தபோது உடலியல் அறிஞர் லூயிஜி லூச்சியானி அவரை நாள்தோறும் அளந்து, நூலே எழுதிவிட்டார். இந்த ஆண்டுகளை நினைவில் வைத்துக்கொண்டுதான் அரசு அடுத்துச் செய்ததைப் பார்க்க வேண்டும்.

1909 செப்டம்பரில் பிரதமர் ஆஸ்குவித் பர்மிங்காமில் பேச வந்தார். பெண்களுக்குக் கூட்டத்தில் அனுமதி இல்லை. மேரி லீ, சார்லட் மார்ஷ் இருவரும் பக்கத்துக் கூரையில் ஏறிக் கோடாரியால் ஓடுகளைப் பெயர்த்து எறிந்தார்கள். வின்சன் கிரீன் சிறைக்குப் போனதும் உண்ண மறுத்தார்கள். சில நாட்களுக்குள்ளேயே அறைக்குள் மருத்துவர்களும் காவல் பெண்களும் ரப்பர் குழாயோடு நுழைந்தார்கள். 'உயிரைக் காப்பாற்ற' என்றது உள்துறை. உயிர் போகும் நிலை இன்னும் வாரக்கணக்கான தூரத்தில் இருந்தது. இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்து முன்கூட்டியே வரலாம் என்பது உண்மை. ஆனால் அப்படிப்பட்டவர்களுக்குக் குழாய் இன்னும் பெரிய ஆபத்து. மூன்றாம் நாளில் குழாய் செருகுவதற்கு மருத்துவக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. தண்டனையை முழுதாக அனுபவிக்க வைக்க வேண்டும் என்ற நிர்வாகக் காரணம்தான் தெரிகிறது.

நாடாளுமன்றத்தில் கீர் ஹார்டி கேள்வி எழுப்பியபோது 'மருத்துவமனை சிகிச்சை' என்று பதில் வந்தது. மனநலக் காப்பகங்களில் சாப்பிட மறுக்கும் நோயாளிகளுக்குக் குழாயில் உணவு கொடுக்கும் வழக்கம் இருந்தது, அதை முன்மாதிரியாகக் காட்டினார்கள். 116 மருத்துவர்கள் பிரதமருக்குக் கண்டன விண்ணப்பம் அனுப்பினார்கள். அரசை ஆதரித்த 'டெய்லி நியூஸ்' இதழிலிருந்து பிரைல்ஸ்ஃபோர்டு, நெவின்சன் ஆகிய இரு எழுத்தாளர்கள் விலகினார்கள். மேரி லீ உள்துறை அமைச்சர் ஹெர்பர்ட் கிளாட்ஸ்டன் மீது வழக்குப் போட்டார். கைதியின் உயிரைக் காப்பது சிறை அதிகாரியின் கடமை என்று தலைமை நீதிபதி ஆல்வர்ஸ்டன் வழிகாட்ட, ஜூரிகள் சில நிமிடங்களில் அரசின் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். குழாய்க்குச் சட்டத்தின் காவல் கிடைத்துவிட்டது.

இந்தக் 'கடமை' எல்லோருக்கும் ஒரே மாதிரி செய்யப்பட்டதா என்று சோதித்துப் பார்க்க ஒரு பெண் தன் உடலையே பணயம் வைத்தார். அவர் பெயர் கான்ஸ்டன்ஸ் லிட்டன். 1909 அக்டோபரில் நியூகாஸிலில் ஒரு காரின் மேல் கல்லெறிந்து சிறை சென்று உண்ணாவிரதம் இருந்தார். மருத்துவர்கள் அவரைக் கவனமாகப் பரிசோதித்தார்கள். இதயம் பழுதுபட்டிருப்பதாகச் சொல்லி, குழாயைத் தொடாமல் சில நாட்களில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் பிரபு குடும்பத்துப் பெண், 'லேடி' என்ற பட்டம் உண்டு. அந்தப் பட்டம் இல்லாதிருந்தால் என் இதயத்தை யாராவது பார்த்திருப்பார்களா என்ற கேள்வி அவரை விடவில்லை.

1910 ஜனவரியில் கூந்தலை வெட்டிக்கொண்டு, மூக்குக் கண்ணாடி மாட்டி, மலிவான உடை உடுத்தி, 'ஜேன் வார்ட்டன், தையல்காரி' என்ற பெயரில் லிவர்பூலில் கைதானார். வால்ட்டன் சிறை. 14 நாள் தண்டனை. உண்ண மறுத்த நான்காம் நாள் மருத்துவர் வந்தார். நாடியும் பார்க்கவில்லை, நெஞ்சிலும் காது வைக்கவில்லை. மரத்தால் செய்த வாய்த்திறப்பான், எஃகால் செய்தது என்று இரண்டு வைத்திருந்தார். எஃகு வலிக்கும் என்று எச்சரித்துவிட்டு, வாய் திறக்காததால் எஃகையே பற்களுக்கிடையே செருகித் திருகினார். தாடை இயல்புக்கு மேல் விரிந்தது. சுமார் நான்கடி நீளக் குழாய். உள்ளே போகும்போதே குமட்டல். உடல் துள்ள, கால்கள் மடங்க, காவல் பெண்கள் தலையையும் தோளையும் அழுத்திப் பிடித்திருந்தார்கள். உள்ளே சென்றதெல்லாம் வாந்தியாகத் திரும்பித் தலைமுடியிலும் உடையிலும் சுவரிலும் வழிந்தது. மருத்துவர் கிளம்பும்போது கன்னத்தில் ஓர் அறை வைத்துவிட்டுப் போனார். நேரமாகிவிட்டது, மாற்றுத்துணி கிடைக்காது என்று சொல்லி அந்த ஈரத்தோடேயே படுக்க விட்டார்கள். பக்கத்து அறையிலிருந்து அடுத்த பெண்ணின் ஓசை கேட்டதாக லிட்டன் எழுதியிருக்கிறார்.

எட்டு முறை இது நடந்தது. இடையில் ஒரு முறை உதவி மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் சில நொடி வைத்து, அருமையான இதயம், மேலே நடக்கட்டும் என்று உற்சாகமாகச் சொன்னார். மூன்றே மாதம் முன்பு பழுதென்று அரசு மருத்துவரே சொன்ன அதே இதயம். உண்மைப் பெயர் தெரியவந்ததும் அவரை அவசர அவசரமாக விடுதலை செய்தார்கள்.

தமிழ் வாசகர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். இந்தக் கான்ஸ்டன்ஸ், 1876 முதல் 1880 வரை இந்தியாவின் வைஸ்ராயாக இருந்த லிட்டன் பிரபுவின் மகள். சிறுமியாக இங்கே வளர்ந்தவர். அந்த ஆண்டுகளில் வந்த பஞ்சத்தைத்தான் நம் ஊர்க் கிழவர்கள் தாது வருஷப் பஞ்சம் என்று பேரன்களுக்குச் சொன்னார்கள். சென்னை மாகாணம் வற்றிக் கிடந்த 1877 ஜனவரி முதல் நாள் லிட்டன் பிரபு டெல்லியில் தர்பார் நடத்தினார். நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு ஒரு நாள் கூலி ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று அவர் அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. மண் சுமக்கும் உடலுக்கு இது போதாது என்று சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் கணக்குப் போட்டுக் காட்டி எதிர்த்தார். பஞ்சத்தில் இறந்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். மகள் இதையெல்லாம் எண்ணித்தான் பட்டினி கிடந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு தலைமுறை இடைவெளியில் ஒரே பேரரசு, சோறு கேட்டவர்களுக்குக் கொடுக்கக் கணக்குப் பார்த்தது, சோறு மறுத்தவர்களுக்குக் கணக்கின்றி ஊற்றியது என்பதைப் படித்த நாளிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

1912-ல் கான்ஸ்டன்ஸ் லிட்டனுக்குப் பக்கவாதம் வந்து வலது கை செயலிழந்தது. இடது கையால் எழுதக் கற்றுக்கொண்டு, சிறை அனுபவத்தைப் புத்தகமாக்கி 1914-ல் வெளியிட்டார். 1923-ல் இறந்தார்.

ஒருவருடைய சாட்சியம் போதாது என்பவர்களுக்காக மூன்று மருத்துவர்கள் முறையான ஆய்வில் இறங்கினார்கள். ஆக்னஸ் சாவில், அறுவைச் சிகிச்சை நிபுணர் மான்செல் மூலின், முதுகுத்தண்டுக் கட்டியை முதன்முதலில் வெற்றிகரமாக அகற்றிய விக்டர் ஹார்ஸ்லி. 102 கைதிகளின் வாக்குமூலங்களைத் தொகுத்தார்கள், அவர்களில் 90 பேர் குழாயைச் சந்தித்தவர்கள். 1912 ஆகஸ்டில் அறிக்கை வெளியானது. கிழிந்த மூக்குச் சவ்வு, உடைந்த பல், தொண்டைப் புண், மூச்சுத் திணறல், வாந்தி, தூக்கமின்மை. மனநல நோயாளிக்குச் செய்வதோடு இதை ஒப்பிட முடியாது என்பது அவர்கள் வாதத்தின் மையம். முழு நினைவோடு, முழு பலத்தோடு எதிர்க்கும் ஓர் உடலுக்குள் குழாய் கண்ணை மூடிக்கொண்டு போகிறது.

அது எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள அன்று நம்பகமான வழி இல்லை. இன்று மருத்துவமனையில் ரைல்ஸ் ட்யூப் போட்டால் சிரிஞ்சில் கொஞ்சம் உறிஞ்சி அமிலம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், சந்தேகம் வந்தால் எக்ஸ்ரே எடுப்பார்கள், அதன் பிறகுதான் முதல் கரண்டிக் கஞ்சி. அதுவும் மெல்லிய குழாய். அன்றைய குழாய் தடித்த ரப்பர். ஒரே குழாய் பலருக்கு. குமட்டல் அனிச்சை என்பது தொண்டையின் பின்சுவரைத் தொட்டதும் எழும் தற்காப்பு. அதை அடக்க நோயாளி ஒத்துழைத்து மிடறு மிடறாக விழுங்க வேண்டும். கழுத்தைப் பின்னுக்குத் தள்ளி வாயைத் திருகித் திறந்தால் விழுங்குவது உடற்கூறின்படியே கடினம். நீங்களே அண்ணாந்து பார்த்து எச்சில் விழுங்க முயலுங்கள்.

அஞ்சியது 1913 பிப்ரவரியில் நடந்தே விட்டது. லிலியன் லென்டன் என்ற இளம்பெண்ணுக்கு ஹாலோவேயில் ஊற்றிய உணவு நுரையீரலுக்குள் போனது. சில மணி நேரத்தில் நிலை மோசமாகி, அவசரமாக வெளியே அனுப்பினார்கள். நுரையீரல் அழற்சியோடு அவர் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கையில், நோய்க்குக் காரணம் உண்ணாவிரதமே, குழாய் அல்ல என்று உள்துறை அமைச்சர் மெக்கென்னா சொன்னார். ஹார்ஸ்லியும் நண்பர்களும் 'தி டைம்ஸ்' இதழில் அதை மறுத்து எழுதினார்கள். லென்டன் பிழைத்தார், 1972 வரை வாழ்ந்தார்.

எமிலி டேவிசனுக்கு 49 முறை, கிட்டி மேரியனுக்கு 232 முறை குழாய் செருகப்பட்டது. மான்செஸ்டர் சிறையில் டேவிசன் அறைக் கதவை உள்ளிருந்து அடைத்துக்கொண்டபோது ஜன்னல் வழியாகக் குளிர்ந்த நீரைப் பீய்ச்சி அடித்தார்கள். 1914-ல் ஸ்காட்லாந்தின் பெர்த் சிறையில் இரண்டு பெண்களுக்கு மலவாய் வழியாகவும் திரவம் செலுத்தினார்கள். இயக்கத்தின் தலைவி எம்மலின் பாங்கர்ஸ்ட்டை மட்டும் தொடவில்லை. 1912-ல் மருத்துவர்கள் அவர் அறைக்கு வந்தபோது மண்குடுவையைத் தலைக்கு மேல் ஓங்கி நின்றார், திரும்பிப் போய்விட்டார்கள். புகழுக்கும் குடிப்பிறப்புக்கும் ஒரு நீதி, தையல்காரிக்கு ஒரு நீதி என்று லிட்டன் நிரூபித்தது இங்கேயும் பொருந்தியது.

லென்டன் செய்தி ஊரெல்லாம் பரவியதும் அரசு வேறு வழி தேடியது. 1913 ஏப்ரல் 25-ல் வந்த சட்டத்தின் அதிகாரப்பூர்வப் பெயர் நீளமானது, ஊர் அதைப் 'பூனை எலிச் சட்டம்' என்றது. பட்டினியால் உடல் சோர்ந்ததும் விடுவிப்பது, வீட்டில் தேறியதும் மீண்டும் பிடிப்பது. வெளியே இருந்த நாட்கள் தண்டனைக் கணக்கில் சேராது. குழாயைப் போலன்றி இது உடலைத் தொடவில்லை, ஆனால் உடலின் தாங்கும் எல்லையையே தண்டனையின் அளவுகோலாக்கியது. பெண்கள் தண்ணீரையும் மறுக்கத் தொடங்கினார்கள். பட்டினியை வாரங்கள் தாங்கலாம், தாகத்தை நாட்கள்தான். கழிவை வெளியேற்றச் சிறுநீரகத்துக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் சிறுநீராவது வேண்டும். நீர் வராவிட்டால் இரத்தம் கெட்டியாகும், நாக்கு தடித்து அண்ணத்தில் ஒட்டும், இரத்த அழுத்தம் விழும். விடுதலை விரைவில் கிடைக்கும், ஆனால் உடல் கொடுக்கும் விலை பெரிது. எம்மலினின் மகள் சில்வியா பாங்கர்ஸ்ட் உறக்கத்தையும் மறுத்து அறைக்குள் 28 மணி நேரம் இடைவிடாமல் நடந்தார். வெளியே வந்த 'எலிகளை' லண்டன் பெம்பிரிஜ் கார்டன்ஸில் கேத்தரின் பைன் என்ற செவிலியர் தன் இல்லத்தில் வைத்துத் தேற்றி அனுப்பினார். தெருமுனையில் போலீஸ் காத்திருக்கும்.

தப்பிக்கும் எலிகளை அடையாளம் காணப் படம் வேண்டும். கேமரா முன் நிற்கப் பெண்கள் மறுத்தார்கள், முகத்தைக் கோணிக்கொண்டார்கள். அதனால் அரசு தொலைநோக்கு லென்ஸ் வாங்கி, ஹாலோவே முற்றத்தில் அவர்கள் நடக்கையில் மறைந்திருந்து படம் பிடிக்க ஏற்பாடு செய்தது. பிரிட்டிஷ் அரசின் ரகசியக் கண்காணிப்புப் படங்களில் இவையே முன்னோடி. ஈவ்லின் மனெஸ்டா என்ற பெண்ணின் படத்தில் அவர் கழுத்தைப் பிடித்து நிறுத்திய காவலரின் கை தெரிகிறது. சுற்றுக்கு அனுப்பிய பிரதியில் அந்தக் கையை அழித்துவிட்டார்கள்.

1914 ஆகஸ்டில் உலகப் போர் வந்தது, பெண்கள் விடுவிக்கப்பட்டார்கள். 1918-ல் 30 வயதைக் கடந்த பெண்களுக்கு நிபந்தனையோடு வாக்கு, 1928-ல் ஆண்களுக்குச் சமமான வாக்கு. ஆனால் குழாய் ஓய்வு பெறவில்லை. லண்டனில் குழாயைச் சந்தித்திருந்த அமெரிக்கப் பெண் ஆலிஸ் பால், 1917-ல் வெள்ளை மாளிகை வாசலில் மறியல் செய்ததற்காக வாஷிங்டன் சிறையில் அதே குழாயை மறுபடி சந்தித்தார். மனநலப் பிரிவில் அடைத்து, பைத்தியம் என்று சான்று வாங்கப் பார்த்தார்கள். பார்க்க வந்த மனநல மருத்துவர் வில்லியம் வைட் அவர் தெளிவோடு இருக்கிறார் என்று சொல்லிவிட்டார். அதே ஆண்டு டப்ளினில் தாமஸ் ஆஷ் குழாய்க்குப் பின் இறந்தார். 1929-ல் லாகூர் சிறையில் 63 நாள் உண்ணாவிரதத்தில் உயிர்விட்ட ஜதின் தாஸின் நுரையீரலும் கட்டாயமாக ஊற்றிய பாலால் கெட்டது என்றே உடனிருந்தவர்கள் எழுதினார்கள்.

ஹாலோவேயின் நூல் நம் பக்கமும் வந்து சேர்ந்தது. லண்டனில் ஹாலோவேயிலும், 1913-ல் அயர்லாந்தின் டல்லமோரிலும் வாக்குரிமைக்காகச் சிறை இருந்தவர் மார்கரெட் கசின்ஸ். 1915-ல் இந்தியாவுக்கு வந்து, மதனப்பள்ளியில் ஆசிரியையாக இருந்தார், 1917-ல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் உருவாகக் காரணமானார். இந்திய மாகாணங்களில் பெண்களுக்கு முதலில் வாக்குரிமை கொடுத்தது சென்னைதான், 1921-ல். சங்கத்தின் முயற்சியால் 1927-ல் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டசபைக்குப் போனார். கசின்ஸுக்குச் சிறை வாசம் அதோடு முடியவில்லை. அவசரச் சட்டங்களை எதிர்த்துப் பேசியதற்காக 1932-ல் வேலூர்ப் பெண்கள் சிறைக்குள் போனார்.

உலக மருத்துவச் சங்கம் 1975-ல் டோக்கியோவிலும் 1991-ல் மால்ட்டாவிலும் வெளியிட்ட பிரகடனங்கள், தெளிந்த அறிவோடு உண்ண மறுப்பவருக்கு வலுக்கட்டாயமாக ஊட்டுவதில் மருத்துவர் பங்கெடுக்கக் கூடாது என்கின்றன. ஆனாலும் உண்ண மறுத்த மணிப்பூரின் இரோம் ஷர்மிளாவுக்கு 2000-ம் ஆண்டிலிருந்து 16 ஆண்டுகள் மூக்குக் குழாய் வழியாகவே உணவு சென்றது. தற்கொலை முயற்சி என்று வழக்கு, இம்பால் மருத்துவமனையில் காவல், விடுதலை, உடனே மீண்டும் கைது. 2016 ஆகஸ்ட் 9 அன்று அவர் உண்ணாவிரதத்தை முடித்துக்கொண்டபோது உள்ளங்கையில் கொஞ்சம் தேன் ஊற்றினார்கள். நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணீரோடு நாக்கை நீட்டித் தொட்டு, தானே விழுங்கினார்.